வாசலில் உன் சப்பாத்து

இன்று காலை மொன்றியல் ஜான்-டலோன் சந்தையில் ஒரு பெருஞ்சீரகக் கிழங்கை மூக்கருகே பிடித்து மணந்துகொண்டு நின்றேன். நீ பழக்கிவிட்ட பழக்கம்தான். தண்டை ஒடித்து மணக்காமல் நீ ஒருநாளும் வாங்கியதில்லை. கடைக்காரன் முறைத்தாலும் ஒடிப்பாய். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது, மணந்ததோடு சரி. அதற்குள் அந்தச் சிசிலிக் கிழவர் என்னைக் கண்டுவிட்டார். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தன் ஊர்ப் பாஷையில், "கனகாலம் காணவில்லையே, எங்கே மற்றவள்? அந்தச் சண்டைக்காரி எங்கே?" என்று கேட்டார்.

யோசிக்க முன்னமே பதில் வாயில் வந்துவிட்டது. "அவள் பலெர்மோவில் இருக்கிறாள்" என்றேன். கிழவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கெட்டிக்காரி, கெட்டிக்காரி" என்று சொல்லி இன்னொரு கிழங்கைச் சும்மா தூக்கிப் பைக்குள் போட்டார். நானும் பிரெஞ்சில் ஒரு மெர்சி சொல்லி வாங்கிக்கொண்டு காருக்கு வந்து, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நன்றாக அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு ரொக்ஸ்பரோ வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.

நான் அந்த மனிதருக்குப் பொய் சொல்லவில்லை. ஏன் அது பொய்யில்லை என்பதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். நீ போன மாசியில் எங்களை விட்டுப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் உனக்குத் தெரியாது. தெரியாமல் உன்னால் இருக்கவும் முடியாது, அது எனக்குத் தெரியும்.

அந்தக் கிழவரை முதன்முதல் கண்ட நாள் நினைவிருக்கிறதா? சந்தையில் எல்லோரும் பிரெஞ்சில் விலை கேட்டுக்கொண்டு நிற்க, நீ பலெர்மோச் சந்தைப் பெண்களின் கொச்சையில் "இந்த வாடலுக்கு இந்த விலையா?" என்று ஒரு போடு போட்டாய். மனிதர் வாயைப் பிளந்தார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். "உங்கள் ஊர்க் குசினிகளில்தான்" என்றாய். அன்றைக்கு உனக்கு ஒரு பெயர் வைத்தார், சண்டைக்காரி. எனக்குப் பெயர் இல்லை. நான் உன்னோடு வருகிற ஆள், அவ்வளவுதான்.

பலெர்மோவில் அந்த ஒற்றை அறையில் நாங்கள் நாலு பேர். நீ, நான், பவானி, ஜெசிந்தா. கனடாவுக்கு என்று யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு, ஏஜென்சிக்காரன் நடுவழியில் கைவிட்டதால் அங்கே தங்கிப்போனவர்கள். பகலில் ஆளுக்கொரு வீட்டில் தரை துடைத்தல், கிழவிகளைக் குளிக்க வார்த்தல். பின்னேரம் வந்து ஒரே சட்டியில் சோறு. புது வீட்டில் வேலை கேட்டுப் போவதற்கு மட்டும் ஒரு நல்ல கறுப்புச் சப்பாத்து இருந்தது. உன் காலும் பவானியின் காலும் ஒரே அளவு என்பதால் அது உங்கள் இருவருக்கும் பொது. அவள் போட்ட நாளில் நீ பழைய செருப்போடு போவாய். எனக்கு அதில் பங்கில்லை. "உனக்குச் சப்பாத்து காணாதடி, வள்ளம்தான் வேணும்" என்று என் பெரிய பாதத்தைப் பார்த்துச் சிரிப்பாய். அந்தப் பகிடியை நீ சாகும்வரை விடவில்லை.

அப்போது இத்தாலியில் கடுதாசி இல்லாதவர்களுக்கெல்லாம் விசா கொடுக்கப்போகிறார்கள் என்று ஒரே கதை. எல்லோரும் விண்ணப்பித்துவிட்டுத் தபாலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். எங்களில் ஜெசிந்தா மட்டும் வேதக்காரி, பிறவிக் கத்தோலிக்கம். நகரத்துக்கு மேலே மலையில் ஒரு குகை இருக்கிறது, அதற்குள் ரொசாலியா என்று ஒரு புனிதை இருக்கிறாள், கேட்டதைக் கொடுப்பாள் என்று அவள்தான் சொன்னாள். நீ உடனே "ரொசாலியா அம்மன்" என்று பெயரை மாற்றிவிட்டாய். போய்ப் பார்த்தால் எங்கள் சனம் அங்கே காப்பும் சேலையும் வைத்துக் கும்பிடுகிறது. குகைக் கூரையிலிருந்து தண்ணீர் எங்கள் தலையில் சொட்டியது. நீ கண்ணை மூடிக்கொண்டு உரக்கச் சொன்னாய்.

"எங்கட நாலு பேருக்கும் கடுதாசி கிடைச்சால், நாலு பேரும் ஒண்டாய் வெறுங்காலோட மலை ஏறி வாறம் தாயே."

ஜெசிந்தா பதறிப்போனாள். "உப்பிடி நாலு பேரையும் சேர்த்துக் கட்டாதையடி. ஆருக்கும் ஓர் அலுவல் வந்தால் என்ன செய்யிறது? ஆளாளுக்கு வை."

"நாலு பேருக்கும் சேர்த்துத்தானே கேக்கிறம். தனித்தனியவோ கேட்டனாங்கள்?" என்றாய்.

அப்போது உன் பக்கம் நியாயம் போலத்தான் இருந்தது. கடுதாசியும் வந்தது, நாலு பேருக்கும். கையில் கிடைத்ததுதான் தாமதம், நாலு திக்கிலும் பறந்துவிட்டோம். பவானி கலியாணம் கட்டிப் பிரான்சில் மார்செய்க்குப் போனாள். நீ மொன்றியலுக்கு வந்து, பிறகு என்னையும் இழுத்து எடுத்தாய். ஜெசிந்தா அங்கேயே நின்றுவிட்டாள். மலை நின்ற இடத்தில் நின்றது.

மொன்றியல் ஓரத்தில் நீ டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், நான் பக்கத்து ரொக்ஸ்பரோவில். பிள்ளைகள், குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை, வெள்ளிக்கிழமைகளில் கோயில், பனி வழித்தல் என்று காலம் போனது. குளிரில் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும், கூரை ஒழுகினாலும், மகன் சோதனையில் கோட்டை விட்டாலும் நீ ஒரே காரணம்தான் சொல்வாய். "அங்க மலையில ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் போகேல்லை." போகும் வழியையும் நீயே முடிவு செய்திருந்தாய். முதலில் மார்செய், அங்கே பவானியைப் பிடிப்பது. பிறகு கரையோரமாக ரயிலில் ஜெனோவா. அங்கிருந்து கப்பலில் பலெர்மோ. நேரே பறந்துபோய் இறங்கினால் நேர்த்திக்கடனில் சேராதாம். அந்தச் சட்டத்தை எந்தக் கடவுள் உனக்குச் சொன்னாரோ தெரியாது. நான் ஒவ்வொரு வருடமும் ஒரு சாட்டு வைத்திருப்பேன். முழங்கால், என் வீட்டுக்காரரின் பிரஷர், மகளின் பிள்ளைப்பேறு. நீ எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்தாய்: "யோசிக்காத. வெளிக்கிடு."

கடைசியில் நான் ஓம் என்று சொன்ன அன்றே போய் அந்த நீலச் சப்பாத்தை வாங்கினாய். வெள்ளை அடி, தடித்த கயிறு. "மலை ஏறுறது வெறுங்காலோடயல்லோ, பிறகேன் உது?" என்று கேட்டேன். "ஊர் சுத்த வேண்டாமே? பவானி பழையபடி பங்குக்கு வருவாள், வரட்டும்" என்றாய். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்ததால், சப்பாத்தைப் பழக்குவதற்குக் கடைத்தொகுதி மோலுக்குள் நடந்தோம். அங்கே ஏற்கெனவே ஊர்க் கிழடுகள் எல்லாம் கை வீசி நடந்துகொண்டிருந்தன. நாங்களும் சேர்ந்துகொண்டோம். நோய் என்று டாக்டர் சொன்ன பிறகும் நீ நிறுத்தவில்லை. கம்பளித் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, ஒவ்வொரு வாங்குப் பலகையிலும் இருந்து இருந்து நடந்தாய். "புதுச் சப்பாத்து காலைக் கடிக்கும். இப்பவே பழக்கோணும்" என்பாய். நான் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு வருவேன்.

ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, சுகமாகி வா, வெயில் வரப் போவோம் என்று ஏதோ உளறினேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சும்மா கதை விடாத. நான் வரமாட்டன். ஆனா நாலு பேர் எண்டு சொன்னது நாலு பேர்தான். எப்பிடியெண்டு நீ பார்."

எப்பிடியெண்டு நீ பார். ஒருத்தி செத்த பிறகு நாலு பேரை எப்படி மலை ஏற்றுவது? சாகிற நேரத்திலும் ஒரு வேலையைத் தலையில் கட்டிவிட்டுப் போன மனுசி நீ. எனக்கு உன்மேல் எரிச்சல்கூட வந்தது. அந்த எரிச்சல்தான் என்னை எழுப்பி நடக்க வைத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு உன் மகள் அந்தச் சப்பாத்தோடு வந்தாள். "ஆன்ரி, அம்மா இதை வெளியில ஒருக்காவும் போடேல்லை. உள்ளுக்க மட்டும்தான். நீங்க போடுங்கோ, ப்ளீஸ்" என்றாள். போட்டுப் பார்த்தேன். குதிக்கால் உள்ளே போகவில்லை. வள்ளம்! இருவரும் சிரித்தோம், பிறகு அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் போனபின் அந்தச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இது யாருடைய காலுக்குச் சரியாக இருக்கும் என்று அப்போதுதான் பொறி தட்டியது.

அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொன்னேன், நான் போகிறேன் என்று. "உந்த முழங்காலோடயோ? மேல வரைக்கும் பஸ் போகுதாமே" என்றார். "பஸ்ஸில ஏறுறன் எண்டு அவள் நேர்த்தி வைக்கேல்லை" என்றேன். அவர் போய் என் சூட்கேசை இறக்கித் தந்தார். உன் சப்பாத்தை நான் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மார்செயில் பவானியைக் கண்டபோது எனக்கு அவளுடைய அம்மா வந்து நிற்பதுபோலத் தோன்றியது. அவளுக்கும் என்னைப் பார்த்து அப்படித்தான் இருந்திருக்கும். கட்டிப்பிடித்து உன்னைச் சொல்லிச் சொல்லி அழுதோம். அவளுடைய பல்கனியிலிருந்து இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கடல் தெரிகிறது. அங்கே வைத்துத்தான் மலைக் கதையை எடுத்தேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நான் இப்ப சபைக்குப் போறன், தெரியுமெல்லே. ஞானஸ்நானமும் எடுத்தாச்சு. சிலை இருக்கிற இடத்துக்கு என்னால வரேலாது."

போனில் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்தான். நேரில் கண்டால் இளகுவாள் என்று நம்பிப் போனேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன்னை ஆர் கும்பிடச் சொன்னது? ஏறத்தானே கேக்கிறன்!"

"வெறுங்காலோட ஏறினாலே அது கும்பிடுறதுதான். நேர்த்தி எண்டது சும்மா நடையோ?"

அவள் சொன்னதும் சரிதான். பவானி ஒருநாளும் மொக்கு இல்லை. அடுத்தநாளும் அவள் அசையவில்லை. மீன் பொரித்துத் தந்தாள், துறைமுகத்தைக் காட்டினாள், மலையைப் பற்றி எடுத்தால் முகத்தைத் திருப்பினாள். இவ்வளவு தூரம் வந்து ஊமை மாதிரித் திரும்பிப் போவதா என்று எனக்கு ஆத்திரம். கைப்பையைத் திறந்து உன் சப்பாத்தை எடுத்து அவள் காலடியில் வைத்தேன்.

யாருடையது என்று அவள் கேட்கவில்லை. காலை நுழைத்தாள். கடைசி வரை போனது.

"உள்ளுக்க அவளின்ர கால் பதிஞ்சு கிடக்கு" என்றாள் மெதுவாக. பிறகு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னாள். "ஒருநாள் நல்ல மழை. அவள் வேலை கேட்டுப் போனவள். திரும்பி வரேக்க சப்பாத்தைக் கழட்டி நெஞ்சோட பொத்திக்கொண்டு வெறுங்காலோட வந்தாள். அந்தக் குளிருக்க. அடுத்தநாள் நான் போட்டுக்கொண்டு போகோணும், நனையக்கூடாதாம். எனக்கு அந்த வீட்டில வேலை கிடைச்சுது. அவளுக்குக் காய்ச்சல் பிடிச்சுது."

கண்ணைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சப்பாத்துப் போட்டு ஏறினால் அது நேர்த்தி இல்லை, என்ன?"

"இல்லை" என்றேன்.

"அப்ப வாறன். அவளின்ர சப்பாத்தை மேல கொண்டுவாறன், அவ்வளவுதான். குகை வாசலோட நிண்டிடுவன்."

வெறுங்கால் இரண்டு பேர், சப்பாத்தோடு ஒருத்தி. என் கணக்கில் இரண்டரை. பரவாயில்லை, மிச்சத்தைப் பிறகு பார்ப்போம் என்று ரயில் ஏறினேன்.

கப்பலுக்கென்று பவானி கட்லட் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மேல்தளத்தில் காற்றுக்குத் தலைமயிர் பறக்க இருந்து சாப்பிட்டோம். இந்தக் கடலைச் சுற்றித்தான் நீ என்னைக் கொண்டுபோக வேண்டும் என்று அடம்பிடித்தாய். இப்போது விளங்குகிறது. பறந்து போயிருந்தால் பவானியை விட்டுவிட்டுப் போயிருப்பேன்.

பலெர்மோத் துறைமுகத்தில் ஜெசிந்தா நின்றாள். ஆள் இரண்டு மடங்காகியிருக்கிறாள், சிரிப்பு மட்டும் அதேதான். எங்களுக்குப் பின்னால் யாரையோ தேடுவது போல ஒருதரம் பார்த்தாள், பிறகு எங்களைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் சொன்னாள், "நான் ஒவ்வொரு வருசமும் ஏறுறனான். மற்ற மூண்டு பேரும் வந்துகொண்டிருக்கினம், கொஞ்சம் பொறுங்கோ தாயே எண்டு சொல்லிப்போட்டு இறங்குவன். எத்தினை வருசத்துக்கடி நான் உங்களுக்காகப் பொய் சொல்லுறது?"

விடிய ஏறத் தொடங்கினோம். பழைய கல் பாதை வளைந்து வளைந்து போகிறது. ஜெசிந்தா செபமாலையோடு முன்னே. நான் முருகா முருகா என்று நடுவில். பவானி உன் சப்பாத்தோடு, தன் சபைப் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு பின்னே. மேலே இருந்து ரொசாலியா அம்மன் பார்த்திருந்தால் தலையைச் சொறிந்திருப்பாள். பாதி வழியில் என் முழங்கால் மடியமாட்டேன் என்றது. ஒரு கல்லில் குந்திவிட்டேன். குதிக்கால் கிழிந்து இரத்தம். பக்கத்தில்தான் றோட்டு, பஸ் வரும் என்றாள் ஜெசிந்தா. எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மோலில் வாங்குக்கு வாங்கு இருந்து நடந்த ஒருத்தி கண்ணுக்குள் நிற்கும்போது எப்படிப் பஸ் ஏறுவது? நீ செய்ததைத்தான் செய்தேன். ஒவ்வொரு வளைவிலும் இருந்து இருந்து ஏறினேன். அவர்களும் இருந்து இருந்து வந்தார்கள்.

குகை வாசலுக்கு வந்ததும் பவானி சொன்னபடி நின்றுவிட்டாள். நானும் ஜெசிந்தாவும் உள்ளே காலெடுத்து வைக்கத் திரும்பும்போது, அவள் படியில் குந்திச் சப்பாத்துக் கயிற்றை அவிழ்ப்பதைக் கண்டேன். கல் ஏதும் புகுந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அவள் இரண்டையும் கழற்றிச் சேர்த்து, வாசல் ஓரமாக, எங்கள் கோயிலில் வைப்பதுபோல ஒழுங்காக வைத்தாள்.

"அவள் சப்பாத்தோட உள்ளுக்குப் போகமாட்டாள்" என்றாள். "கூட்டிக்கொண்டு போங்கோ. நான் இதில நிக்கிறன்."

அங்கே வருகிறவர்கள் யாரும் சப்பாத்தைக் கழற்றுவதில்லை. எல்லோரும் போட்டபடி உள்ளே போய் வருகிறார்கள். நாங்கள் இருவரும் வெறுங்காலோடு வந்தவர்கள். அந்த வாசலில் கிடந்தது உன் சப்பாத்து மட்டும்தான். வாசலில் சப்பாத்துக் கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. டொலார்ட் கோயிலிலும் அதுதான், உன் வீட்டிலும் என் வீட்டிலும் அதுதான். உள்ளே போய், தண்ணீர் தலையில் சொட்டச் சொட்ட, "தாயே, நாலு பேரும் வந்திருக்கிறம்" என்று சொன்னேன். ஜெசிந்தா இந்த முறை பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓம், ஓம் என்று தலையாட்டினாள்.

வெளியே வந்தால் கோயில்காரர் ஒருவர் சப்பாத்தைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார். "உள்ளே இருக்கிறவளுடையது" என்று அவருடைய பாஷையில் சொன்னேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். சப்பாத்தைத் தூக்கி, தண்ணீர் சொட்டாத பக்கமாக, வாசலோடு ஒட்டி வைத்துவிட்டுப் போனார்.

"எடுத்துப் போடடி, இறங்குவம்" என்றேன் பவானியிடம்.

"அவள் இன்னும் வெளியில வரேல்லை. எப்பிடி எடுக்கிறது?"

ஜெசிந்தா தன் பையிலிருந்த செருப்பை நீட்டினாள். பவானி வேண்டாம் என்றாள். வெயில் ஏறிக் கல்லெல்லாம் சுட்டது. முகத்தைச் சுளித்துச் சுளித்துக் கீழே வரும்வரைக்கும் வெறுங்காலோடு நடந்தாள். அடிவாரத்தில் ஒரு குழாயில் காலைக் கழுவும்போது என்னை முறைத்து, "இது நேர்த்தி இல்லை, கண்டியோ" என்றாள். "இல்லையடி, இல்லை" என்றேன். நான், ஜெசிந்தா, பவானி, உள்ளே நீ. நாலு பேரும் வெறுங்கால். எப்பிடியெண்டு பார் என்றாயே, பார்த்துவிட்டேன்.

அதனால்தான் சொல்கிறேன், கிழவருக்கு நான் பொய் சொல்லவில்லை.

குதிக்காலில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. குளிர் தொடங்கினால் குத்துகிறது. ஞாயிறுகளில் மூன்று பேரும் போனில் ஒன்றாகக் கதைக்கிறோம். இன்று சந்தையால் வந்து பெருஞ்சீரகக் கிழங்கில் நீ செய்கிற சம்பலை இடித்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தது. வருகிற வருடமும் வாருங்கள் என்றாள் ஜெசிந்தா. உன் சப்பாத்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். பவானி இழுத்தாள். இடுப்பு நோவு, மகனுடைய வீடு குடிபுகுதல், கப்பலில் தலைச்சுற்று. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, குசினி அதிரக் கத்தினேன்.

"யோசிக்காத. வெளிக்கிடு!"

நிலக்கீழ் அறையில் ஏதோ திருத்திக்கொண்டிருந்த வீட்டுக்காரர் படியேறி வந்தார். நேரே என்னிடம் வரவில்லை. முன்வாசலுக்குப் போய், சப்பாத்து வைக்கிற தட்டை ஒருதரம் குனிந்து பார்த்தார். என்னுடைய வள்ளங்கள் இரண்டும்தான் அங்கே கிடந்தன. கொஞ்சம் வெட்கத்தோடு திரும்பி வந்து, "நான் அவ வந்திட்டா எண்டு நினைச்சன்" என்றார்.

"சப்பாத்துத்தான் பலெர்மோவில" என்றேன். "அவளின்ர வாய் என்னோட வந்திட்டுது."